மூன்று வேளை நீர்முள்ளி

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள், காற்று வரும்.

வீடு பார்க்க வந்தேன் என்று சொன்னீர்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கணவரையும் கூட்டிக்கொள்ளாமல், கடையத்திலிருந்து பஸ் ஏறி ஒரு தாய் வீடு பார்க்க வரமாட்டாள். நீங்கள் செண்பகத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். கேளுங்கள். இல்லை, நீங்கள் கேட்க வேண்டாம், உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். நானே சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் என்ன சொன்னார்கள்? மூத்த மருமகள் வயிற்றுப் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை என்றா? தரகர் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குத் தரகு போய்விடும். தெருவில் யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னது உண்மைதான். போனாள். இந்த ஆடியோடு இரண்டு வருடம். வரவில்லை.

மதினி என்று கூப்பிடலாமா? இன்னும் எதுவும் முடிவாகவில்லை, தெரியும். ஆனால் எனக்கு இந்தச் சம்பந்தம் முடிய வேண்டும் என்று ஆசை. அதை ஒளிப்பதில் என்ன இருக்கிறது. என் சின்னவன் சிவசைலத்துக்கு முப்பத்திரண்டு ஆகிறது. மின்வாரியத்தில் வேலை. சாதுப் பையன். இதற்கு முன்னால் மூன்று இடத்தில் ஜாதகம் பொருந்தியது. பிறகு விசாரித்தார்கள். பிறகு போனை எடுக்கவில்லை. மூன்று பேரில் ஒருவர்கூட உங்களைப்போல நேரே வந்து உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் வந்திருக்கிறீர்கள். முழுதாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் கல்யாணியைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் நூலகத்துக்குப் போயிருக்கிறார், ஒரு மணிக்குத்தான் வருவார். தாராளமாகப் பேசலாம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். முப்பத்துமூன்று வருடம். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை ஐந்துக்கு வெளியே வருவேன். அந்தக் காலத்தில் ஆசிரியைகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதன் சாவி முதல்வர் அறையில் இருக்கும். போய் நின்று சாவி கேட்க வேண்டும். நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. முப்பத்துமூன்று வருடத்தில் ஒருநாள்கூட. இரண்டு பிள்ளை வயிற்றில் இருந்தபோதும். பெருமைக்குச் சொல்லவில்லை. உடம்பு நாம் சொன்னபடி கேட்கும், பழக்கினால். அதைத்தான் செண்பகத்திடமும் சொன்னேன்.

அவள் கோவில்பட்டிக்காரி. முழுப் பெயர் செண்பகவல்லி. என் மூத்தவன் குற்றாலநாதன் தூத்துக்குடியில் துறைமுகத்து வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் அதிகாலை போவான். இவளுக்கு இங்கே தென்காசியிலேயே தபால் ஆபீஸில் வேலை. அதனால் இங்கே எங்களோடு இருந்தாள். நல்ல பிள்ளை. இதை நான் யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை. அதிர்ந்து பேசமாட்டாள். எதையும் ஒருதடவைதான் சொல்வாள். 'உப்புக் கம்மியா இருக்கு அத்தை' என்று ஒருதடவை சொல்வாள், நாம் காதில் வாங்காவிட்டால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் உண்டானாள். சித்திரையில் தெரிந்தது. ஐந்தாம் மாதம் வரை வெளியே சொல்லக்கூடாது என்று நான்தான் சொன்னேன். எல்லா வீட்டிலும் அப்படித்தானே. உங்கள் வீட்டில் இல்லையா? சரி, எங்கள் வீட்டில் உண்டு.

ஆனி பிறந்து சாரல் ஆரம்பித்தது. தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு தண்டனை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்ட உடனே சொந்தம் எல்லாம் துண்டை எடுத்துக்கொண்டு நம் வீட்டில் வந்து இறங்கிவிடும். அந்த வருஷம் என் நாத்தனார் சொர்ணம் தன் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பத்துப் பேர். மூன்று வாரம். வீட்டில் அப்போது ஒரே ஒரு குளியலறை, ஒரே கழிப்பறை, இரண்டும் புறவாசலில். மாடியில் படுப்பவள் கீழே இறங்கி, நாம் உட்கார்ந்திருக்கிற இந்தப் பட்டாசலைக் கடந்து, ரெண்டாம் கட்டைக் கடந்து, அடுக்களையைக் கடந்து போக வேண்டும். ரெண்டாம் கட்டில்தான் அவருடைய சாய்வு நாற்காலி. பேப்பரும் கையுமாக நாள் முழுக்க அங்கேதான் இருப்பார். யாராவது கடந்தால் பேப்பரை ஒரு அங்குலம் இறக்கிப் பார்ப்பார். வேறொன்றும் செய்யமாட்டார்.

ஆனி முதல் வாரத்தில் ஒருநாள் செண்பகம் அடுக்களையில் வந்து நின்றாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, ஒரு மாதிரி முக்க வேண்டியிருக்கு. சரியா வரமாட்டேங்கு."

"என்னது வரமாட்டேங்கு?"

"ஒண்ணுக்கு."

நான் துருவுவதை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னேன். அலட்சியமாகச் சொல்லவில்லை. "சூடு ஏளா. பகல் பூரா அந்தத் தபால் ஆபீஸ் ஸ்டூல்ல உட்காருதே. பார்லி போட்டுத் தாரேன்" என்றேன்.

சரி என்றாள். அவ்வளவுதான்.

நீங்களே சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நீர்க்கடுப்பு என்றால் சூடு, சூடு என்றால் பார்லி, மோர், வாழைத்தண்டு. தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குள் போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். குடித்தாள். அரை மணிக்கு ஒருதரம் புறவாசலுக்குப் போக ஆரம்பித்தாள். போவாள், வருவாள், மறுபடி போவாள். அவர் ஒருநாள் பேப்பரை இறக்கி, "இப்பத்தானே போனா?" என்றார். விருந்தாளிகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அவரைக் கடந்து போகாமல் மாடியிலேயே இருக்கப் பார்த்தாள். நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன்: "கொஞ்சம் அடக்கப் பழகு. நான் முப்பத்துமூணு வருஷம் பழகலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். இப்போது நினைத்தால், ஏதோ சொல்லத்தான் பார்த்தாள்போல.

நான் மருத்துவம் பார்க்காமல் விடவில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெருமுனை டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். நீரைப் பரிசோதித்தார். லேசாகக் கிருமி இருக்கிறது, மாத்திரை தருகிறேன், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்றார். "பாத்தியா, டாக்டரும் அதைத்தான் சொல்லுதாரு" என்றேன். அன்று சாயங்காலமே நானே போய் நாட்டு மருந்துக் கடையில் நீர்முள்ளி வாங்கினேன். நெருஞ்சில், சிறுபீளையும் சேர்த்து வாங்கினேன். மூன்றும் நீரைப் பெருக்கும். நான் படித்த படிப்பு இதுதானே. எந்தச் செடி, எந்தக் குடும்பம், வேரா விதையா, எதில் சத்து என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒரு தம்ளர், மத்தியானம் ஒரு தம்ளர், சாயங்காலம் ஒரு தம்ளர். பெரிய தம்ளர். பக்கத்தில் நின்று குடிக்க வைப்பேன். மூச்சுப் பிடித்துக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். இவ்வளவு சொன்னபடி கேட்கிற பெண் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

வயிறு தெரிய ஆரம்பித்தது. மூன்றரை மாதம்தான், ஆனால் ஐந்து மாதம் மாதிரி. சேலைக் கொசுவம் நிற்கவில்லை. எவ்வளவு மறைத்தாலும் சொர்ணம் கண்ணுக்குத் தப்புமா? ஒருநாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் செண்பகத்தை நிறுத்தி வைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ நாயகி, எங்கிட்டயே மறைச்சிட்டியே! எத்தனை மாசம்?"

"மூணரைதான் மதினி."

"மூணரையா? போடி. இது ஒத்தைப் பிள்ளை வயிறு இல்ல. ரெட்டை. உன் ரெண்டு பயலுகளும் மறுபடி ஒண்ணா வந்து பிறக்கப் போறானுவ பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அன்று தரையில் கால் படவில்லை, மதினி. இரட்டைப் பிள்ளை என்றால் எனக்கொன்று, சம்பந்திக்கொன்று என்று கணக்குப் போட்டேன். பத்துப் பேர் கண்ணும் பட்டிருக்குமே என்று சாயங்காலம் அவளைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் எடுத்து அந்த வயிற்றை மூன்று தடவை சுற்றிப் போட்டேன். அவளால் நேரே உட்கார முடியவில்லை. முன்பக்கமாகக் கவிழ்ந்து கவிழ்ந்து வந்தாள். "நிமிந்து உட்காரு, பிள்ளைக்கு மூச்சு முட்டும்" என்றேன்.

பிறகு ஒரு விஷயம். சொல்லக்கூடாது, ஆனால் முழுதாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் படுக்கை ஈரமாக ஆரம்பித்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து விரிப்பைத் துவைக்கக் கொண்டுபோவாள். சாரல் காலம், துணி காயாது. புறவாசல் கொடி முழுக்க அவள் விரிப்பும் பாவாடையும்தான். நான் ஒருநாள் கேட்டேன்.

"என்ன ஏளா இது, சின்னப் பிள்ளையா நீ?"

இது ஒன்றுதான் கேட்டேன். கோபமாகக்கூட இல்லை. அதைச் சொர்ணத்திடம் சொல்லியிருக்க வேண்டாம். ஆற்றாமையில் சொல்லிவிட்டேன். அவள் சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, "ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து இப்பமே தொட்டில்துணி காயப் போடுதாளோ?" என்று கேட்டுவிட்டாள். செண்பகம் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு கீழே வந்து சாப்பிடவில்லை. நான் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாட்டையும் கஷாயத்தையும்.

அந்தச் சனிக்கிழமை நாதன் வந்தபோது அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன், "அம்மாகிட்ட சொன்னியா? அம்மாவுக்குத் தெரியும், அவங்க பாத்துப்பாங்க" என்று சொல்லியிருக்கிறான். இதை அவன் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னான். ஏதோ நான் செய்த குற்றம் மாதிரி சொன்னான். அம்மாவை நம்பியது குற்றமா?

அடுத்த புதன்கிழமை. எல்லோரும் விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு ஈரத்தோடு வந்து இறங்கினார்கள். கழிப்பறை பூட்டியிருந்தது. உள்ளே செண்பகம். அரை மணி நேரமாகத் திறக்கவில்லை. வெளியே பிள்ளைகள் குதிக்கிறார்கள். சொர்ணத்தின் சம்பந்தி, பெரிய மனிதர், துண்டைக் கட்டிக்கொண்டு மழையில் நிற்கிறார். எனக்கு மானம் போனது. கதவைத் தட்டினேன்.

"செண்பகம், வீட்டுல இத்தனை பேர் இருக்கோம். உள்ள என்ன செய்யுதே?"

கதவுக்கடியில் கொஞ்சம் இடைவெளி உண்டு. குனிந்து பார்த்தேன். பாதம் தெரியவில்லை. முழங்கால் தெரிந்தது. உள்ளங்கை தெரிந்தது. நாலு காலில் நின்றுகொண்டிருந்தாள், அந்த ஈரத் தரையில். எனக்கு என்ன நினைப்பதென்று தெரியவில்லை. மறுபடி தட்டினேன். கொஞ்சம் பலமாகத்தான் தட்டினேன்.

கதவைத் திறந்தாள். வெளுத்துப் போயிருந்தாள். எல்லோர் முன்னாலும் மெதுவாகத்தான் கேட்டாள்: "அத்தை, நான் ரெண்டு நாள் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் கிளம்பிருவாக. அதுக்கப்புறம் போ. விருந்தாளி இருக்கும்போது மருமக கிளம்பினா நல்லாவா இருக்கும்?"

சரி என்றாள். மாடிக்குப் போனாள். ஆபீஸ் சேலை கட்டிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வந்தாள். இதே பட்டாசல் வழியாகத்தான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். செருப்பு மாட்டினாள். வேலைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து போன். செண்பகவல்லி உங்கள் வீட்டு ஆளா என்று கேட்டார்கள். அவளே ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறாள்.

நான் ஓடினேன். பிரசவ வார்டில் மூன்றாவது கட்டில். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, மதினி. வயிற்றைத்தான் பார்த்தேன். வயிறு இல்லை. தட்டையாகக் கிடந்தது. காலையில் பார்த்த வயிறு, நான் கண்ணேறு கழித்த வயிறு, அங்கே இல்லவே இல்லை. "பிள்ளை எங்கே? என் பிள்ளைகளை என்ன செஞ்சீங்க?" என்று கத்திவிட்டேன். வார்டே எழுந்து பார்த்தது.

மரிய புஷ்பம் என்று ஒரு நர்ஸ். என் வயதில் பாதிதான் இருக்கும். என் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"பிள்ளை எங்கயும் போகலம்மா. உள்ளதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. இதயத் துடிப்பு நல்லாருக்கு. நீங்க பாத்தது பிள்ளை இல்ல, மூத்திரப்பை."

கட்டிலுக்குக் கீழே பை தொங்கியது. அது இரண்டாவது பை. ஒன்றே முக்கால் லிட்டர். ஒரே மூச்சில் எடுக்கக்கூடாது என்று விட்டு விட்டு எடுத்தார்களாம். இன்னும் ஒருநாள் போயிருந்தால் பை கிழிந்திருக்கலாம் என்றாள். படுக்கை நனைந்தது கட்டுப்பாடு இல்லாமல் இல்லையாம். நிறைந்த குடம் வழிகிற மாதிரி வழிந்திருக்கிறது.

அன்றே பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர், ஷர்மிளா பானு என்று பெயர். விரலால் பரிசோதித்துப் பார்த்தார், கர்ப்பப்பை வாய் கைக்கே எட்டவில்லை. அதிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. பிறகு ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னார்.

"சில பேருக்குக் கர்ப்பப்பை பின்பக்கமா சாய்ஞ்சிருக்கும். அது குறை இல்ல, அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு அப்படித்தான். மூணு மாசம் தாண்டும்போது தானா நிமிர்ந்து வயித்துக்குள்ள மேல வந்துடும். ஆயிரக்கணக்குல ஒருத்தருக்கு வராது. இவங்களுக்கு வரல. இடுப்புக் குழிக்குள்ள, பின்னால இருக்கிற எலும்பு விளிம்புக்கு அடியில மாட்டிக்கிச்சு. பிள்ளை வளர வளர கர்ப்பப்பை கீழே பார்த்து வளருது. அதோட வாய் முன்னால மேல ஏறிப்போய் மூத்திர வழியை அழுத்திடுச்சு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "தொட்டிக்குள்ள வேர் சுத்திக்கிற மாதிரி" என்றேன். டாக்டர் அதை விட்டுவிட்டு, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"நாலஞ்சு நாளா" என்றேன்.

"பதினெட்டு நாள்" என்றாள் செண்பகம். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"குடிக்க என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். ஒளிக்கவில்லை. மூன்று செடியின் பெயரையும் தாவரவியல் பெயரோடு சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க டாக்டரா?"

"இல்லை. தாவரவியல் பேராசிரியை. ஓய்வு."

"அடைச்ச குழாய்க்கு மேல பதினெட்டு நாள் தண்ணி ஏத்தியிருக்கீங்கம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா என்றுதான் சொன்னார்.

ஆபத்து தீரவில்லை. அப்படியே விட்டால் பிள்ளை நழுவிப் போகலாம். நழுவாமல் வளர்ந்தாலும் பின்சுவர் குழிக்குள் சிக்கிக்கொண்டு முன்சுவர் மட்டும் இழுபட்டு மெலிந்துகொண்டே போகும். பிரசவத்தில் எங்கே கத்தி வைத்தாலும் வேறெங்கோ படும். அதனால் கையால் தள்ளி மேலே ஏற்ற வேண்டும், அதிலும் கலைவதற்கு வாய்ப்பு உண்டு என்றார். நாதன் கையெழுத்துப் போட்டான்.

முதல் தடவை மயக்கம் கொடுக்காமல் முயன்றார்கள். வெளியே வராந்தாவில் எனக்கு அவள் குரல் கேட்டது. இந்த வீட்டில் ஒன்றரை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கர்ப்பப்பை அசையவில்லை. இரண்டு நாள் விட்டுவிட்டார்கள். குழாய் போட்டபடியே இருந்தது. தினம் மூன்று வேளை, பத்துப் பத்து நிமிடம், முழங்காலும் மார்பும் மெத்தையில் படும்படி, இடுப்பை உயர்த்திக் கவிழ்ந்து இருக்க வேண்டும். நர்ஸ் செய்து காட்ட வந்தாள். அதற்குள் செண்பகமே சரியாகக் கவிழ்ந்துவிட்டாள். டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. இப்படி இருந்தா கொஞ்சம் வரும்" என்றாள். "பாத்ரூம்ல வச்சுக் கண்டுபிடிச்சேன். அதுக்குள்ள கதவைத் தட்டிருவாங்க."

யார் தட்டினார்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் பிளாஸ்கைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். கழுவின பிளாஸ்க்தான்.

இரண்டாம் தடவை முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். "வந்திடுச்சு. என் கைக்கடியிலேயே வழுக்கிக்கிட்டு மேல போச்சு" என்றார். பிள்ளை பத்திரம். அந்த ஆனியில் மாட்டிக்கொண்டது மார்கழியில் முழுசாகப் பிறந்தது. பெண். மூன்று கிலோ. நீரைத் தானாகப் பிரிக்க மட்டும் செண்பகத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. அவ்வளவு விரிந்துபோன பை, சுருங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா.

அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கோவில்பட்டி. சண்டையே இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அது முடிந்திருக்கும். பிரசவத்துக்குத்தானே என்று அனுப்பினேன். பிறகு வேலையை அங்கே மாற்றிக்கொண்டாள். பிறகு நாதனும் சனிக்கிழமை அங்கே இறங்க ஆரம்பித்தான்.

நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் ஒரு நியாயம் உண்டல்லவா? தெரியாமல் செய்தது. டாக்டரே முதலில் கிருமி என்றுதானே சொன்னார். ஆயிரக்கணக்கில் ஒருத்திக்கு வருவது என் வீட்டில் வந்தால், நான் என்ன செய்வேன்? அதற்குப் பிறகு மாடியில் அறையோடு சேர்ந்து குளியலறை கட்டிவிட்டேன். என் சேமிப்பில் கட்டினேன். வெள்ளை டைல்ஸ், உள்ளே தாழ்ப்பாள், ஜன்னல், வெந்நீர் எல்லாம் உண்டு. போகும்போது பாருங்கள். இன்னும் யாரும் புழங்கவில்லை. கல்யாணிக்குத்தான் புழக்கம்.

போன தையில் பேத்தியைப் பார்க்கக் கோவில்பட்டி போனேன். ஒரே தடவைதான் போயிருக்கிறேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம். கதவைத் திறந்தவள், வாங்க அத்தை என்றாள். செருப்பைக் கழற்றிக்கூட முடிக்கவில்லை, "பாத்ரூம் இந்தப் பக்கம் அத்தை, போயிட்டு வந்து உட்காருங்க" என்றாள். வேண்டாம் என்றேன். யார் வீட்டிலும் நான் கேட்டதில்லை. "இல்ல அத்தை, போயிட்டு வாங்க" என்று விளக்கைப் போட்டாள். நான் போகவில்லை. உட்கார்ந்தேன். காபி கொடுத்தாள். பேத்தியை என் மடியில் வைத்தாள். ஒரு கடுஞ்சொல் இல்லை. நானாகவே கேட்டேன், "எம்மேல கோவமா ஏளா?" என்று. "இல்ல அத்தை" என்றாள். நான் நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

என்ன மதினி, எழுந்துவிட்டீர்கள்? காபி போடுகிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை நீங்கள்.

என்ன கேட்டீர்கள்?

செண்பகத்தின் நம்பரா?

கேட்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மற்ற மூன்று பேரும் தெருவில்தான் கேட்டார்கள். அவளிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

தருகிறேன். ஏன் தரக்கூடாது. மனப்பாடமாகத் தெரியும், எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, போனைக் கொடுங்கள், நானே அழுத்துகிறேன். அவளுக்கு இது சாப்பாட்டு நேரம், எடுப்பாள்.

ஒன்று சொல்லட்டுமா? என் வீட்டைப் பற்றிக் கேட்டால், நல்ல வீடு என்று சொல்வாள். என்னைப் பற்றிக் கேட்டால், அத்தை நல்லவங்க என்று சொல்வாள். பொய் சொல்லமாட்டாள், ஆனால் அப்படித்தான் சொல்வாள். எனக்கு அது போதும். இந்தக் கல்யாணம் முடிவதற்கும் அது போதும். நீங்கள் அதோடு போனை வைத்துவிட்டால், ஆவணியில் முகூர்த்தம் பார்த்துவிடலாம்.

வைக்காதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

அன்றைக்கு அடுக்களையில் வந்து நின்று சொன்னாள், சொன்னேனே. ஒருதடவைதான் சொன்னாள். பதினெட்டு நாள், தினம் மூன்று தம்ளர், பக்கத்தில் நின்று குடிக்க வைத்தேன். இப்போது வருகிறதா என்று நான் கேட்கவில்லை. கோவில்பட்டியிலும் 'இல்ல அத்தை' என்றாள், நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதனால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியாது, மதினி. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெண்ணுக்காகக் கேளுங்கள்.

மணி அடிக்கிறது. பிடியுங்கள்.

நான் உள்ளே போகிறேன். இந்த வீட்டில் அடுக்களை வரைக்கும் பேச்சுக் கேட்கும். புறவாசலுக்குப் போய்விடுகிறேன், கதவையும் சாத்திக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள், நான் தட்டமாட்டேன். முடிந்ததும் கூப்பிடுங்கள். கூப்பிட மனமில்லாவிட்டாலும் பரவாயில்லை, வாசல் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள். சத்தம் கேட்டால் தெரிந்துகொள்வேன்.